பழைய கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்கான பாட மென்பொருள்கள்: நிறுவுவதும் பழுது பார்ப்பதும்

வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் பத்து வயதுக் கம்ப்யூட்டரை எடுத்து, பிள்ளை படிக்கவும் வரையவும் கணக்குப் போடவும் தயார் செய்து தர நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப், ஏற்காடு மலைமேல் நாகலூரில் அக்கா வீட்டில் இருக்கும் அரசு விலையில்லா மடிக்கணினி, இரண்டுக்கும் இந்த வேலையை நானே செய்தேன். எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று சொல்ல ஆள் இல்லாததால்தான் அவ்வளவு அலைச்சல். அது உங்களுக்கு வேண்டாம்.

"இது ரொம்பப் பழசு, இதுல ஒண்ணும் ஓடாது, புதுசு வாங்கிக்கங்க" என்று பல இடங்களில் சொல்வார்கள். உடனே நம்பிவிடாதீர்கள். 2 ஜிபி ராம் இருந்தால் ஐந்தாம் வகுப்பு வரைக்குமான மென்பொருள்கள் ஓடும். 4 ஜிபி இருந்தால் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்துக்கே போதும். இங்கே நான் சொல்லும் மென்பொருள்கள் எல்லாமே இலவசம். செலவெல்லாம் பேட்டரி, பென் டிரைவ் போன்ற சில்லறைப் பொருள்களுக்குத்தான். 500 ரூபாய்க்குள் அடங்கும். நேரத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்குங்கள். முதல் ஞாயிறு சுத்தம் செய்யவும் பதிவிறக்கவும், அடுத்த ஞாயிறு நிறுவவும்.

1. ஆன் செய்வதற்கு முன் தூசு தட்டுங்கள்

மென்பொருள் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றும். ஆனால் "பாதி நிறுவும்போதே கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் சூடுதான். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கம் தறி ஓடும் தெருக்களில் பஞ்சுத் தூசி காற்றிலேயே இருக்கிறது. அது பிராசஸர் மேல் உள்ள விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சேலத்து ஏப்ரல் வெயிலும் சேர்ந்துகொண்டால் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும்.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுங்கள். ஈரத்துணி வேண்டாம். மதர்போர்டில் உருளை வடிவில் நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அத்தோடு நிறுத்திவிட்டுக் கடைக்காரரிடம் காட்டுங்கள். மென்பொருளை மாற்றி அது சரியாகாது.

ஏற்காட்டுப் பக்கம் பிரச்சினை வேறு. அங்கே தூசியைவிட ஈரப்பதம்தான் எதிரி. மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த கம்ப்யூட்டரை ஆன் செய்தால் "பீப் பீப்" என்று கத்தும், திரை வராது. ராம் அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்திச் செருகுங்கள். "ராம் போச்சு" என்று சொல்லப்பட்ட பல கம்ப்யூட்டர்கள் இதிலேயே எழுந்துவிடும்.

மின்சாரம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பராமரிப்புப் பணிக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்தடை என்று அறிவித்திருக்கும் நாளில் ஃபார்மட், விண்டோஸ் அப்டேட் போன்ற வேலைகளைத் தொடாதீர்கள். யுபிஎஸ் பேட்டரி பழசாகியிருந்தால் அது இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. கோடை மழையில் மலைமேல் இடி மின்னல் அதிகம். அப்போது மின் இணைப்போடு பிராட்பேண்டு வயரையும் கழற்றிவிட வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

2. நான்கு விவரங்களைத் தாளில் எழுதுங்கள்

"மை கம்ப்யூட்டர்" மேல் வலது கிளிக் செய்து "ப்ராப்பர்ட்டீஸ்" போங்கள். விண்டோஸ் எந்தப் பதிப்பு, அதில் சர்வீஸ் பேக் 1 என்று இருக்கிறதா, ராம் எத்தனை ஜிபி, "சிஸ்டம் டைப்" 32 பிட்டா 64 பிட்டா என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் சி டிரைவில் எத்தனை ஜிபி காலி என்று பாருங்கள். 15 ஜிபியாவது காலி வேண்டும்.

இந்த நான்கில் அதிகமாக ஆட்களைக் கவிழ்ப்பது 32 பிட், 64 பிட் விஷயம்தான். 64 பிட் மென்பொருள் 32 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. பதிவிறக்கும் பக்கத்தில் எக்ஸ்86 என்று போட்டிருந்தால் அது 32 பிட். எக்ஸ்64 என்றால் 64 பிட். "86 பெரிய எண், அதுதான் புதுசு" என்று நினைத்து மாற்றி எடுப்பவர்கள் நிறையப் பேர். இன்னொன்று: 4 ஜிபி ராம் போட்டிருந்தும் 32 பிட் விண்டோஸ் 3 ஜிபி சொச்சம்தான் பயன்படுத்தும். அதைப் பார்த்து ராம் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம்.

அரசு மடிக்கணினியாக இருந்தால், ஆன் செய்யும்போது விண்டோஸா பாஸ் லினக்ஸா என்று கேட்கும் பட்டியல் வரக்கூடும். பாஸ் லினக்ஸ் என்பது விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு இயங்குதளம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தயாரித்த அந்தப் பகுதி ஒரு துண்டு ஹார்டு டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கும். காலி இடம் குறைவாகத் தெரிந்தால் அதுவும் ஒரு காரணம்.

3. காகிதங்களும் பழைய கோப்புகளும்

ஒரு கவரில் இவற்றைச் சேருங்கள்: கம்ப்யூட்டரோடு வந்த டிரைவர் சிடி, வாங்கிய ரசீது, மடிக்கணினி கொடுத்தபோது பள்ளியில் தந்த காகிதங்கள். டெஸ்க்டாப்பின் பக்கத்திலோ மடிக்கணினியின் அடியிலோ விண்டோஸ் சாவி எண் ஒட்டியிருக்கும். எழுத்து மங்கிக்கொண்டே போகும் ஸ்டிக்கர் அது. இப்போதே செல்போனில் படம் எடுத்து, தாளிலும் எழுதி வையுங்கள். மறுபடி விண்டோஸ் போட நேர்ந்தால் அந்த 25 எழுத்து எண் இல்லாமல் சிரமம்.

கோப்புகளில் முதலில் தேட வேண்டியது குடும்பத்தின் ஸ்கேன்கள். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், பட்டா, இறந்துபோன பெரியவர்களின் படங்கள் எல்லாம் டெஸ்க்டாப்பிலும் "டவுன்லோட்ஸ்" அடுக்கிலும்தான் கிடக்கும். ஃபார்மட் செய்யும் கடைக்காரர் பெரும்பாலும் டி டிரைவைத் தொடமாட்டார், ஆனால் சி டிரைவை அழித்துவிடுவார். டெஸ்க்டாப்பில் இருப்பவை சி டிரைவில்தான் இருக்கின்றன. இது தெரியாமல் கல்யாணப் படங்களை இழந்த குடும்பங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலும், முடிந்தால் உறவினர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் நகல் எடுங்கள். நகல் எடுத்தபின் வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

4. தேதி சரியாக இருக்கிறதா?

திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். பல வருடம் முந்தைய தேதி காட்டினால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். தேதி தவறாக இருந்தால் எந்தப் பாதுகாப்பான இணையதளமும் திறக்காது. "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். நெட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

சிஆர்2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். 30 முதல் 50 ரூபாய். பெரும்பாலான டெஸ்க்டாப்களில் நீங்களே மாற்றலாம். எழுத்து உள்ள பக்கம் மேலே வர வேண்டும். மாற்றுவதற்கு முன், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் தட்டினால் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய், சாட்டா மோடு ஐடிஇ என்று இருக்கிறதா ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா எனக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் இந்த அமைப்பு மாறிவிடலாம். மாறினால் விண்டோஸ் ஆரம்பிக்கும்போதே நீலத்திரை வரும், ஹார்டு டிஸ்க் போய்விட்டதாகப் பயந்துவிடுவீர்கள். பழையபடி மாற்றி வைத்தால் சரியாகிவிடும்.

தேதி சரியாக இருந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால் உலாவி பழசு. குரோம் விண்டோஸ் 7-க்கும் 8.1-க்கும் கொடுத்த கடைசிப் பதிப்பு 109. அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு பயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர் பதிப்பைப் போடுங்கள். அது விண்டோஸின் பழைய பாதுகாப்புச் சான்றுகளை நம்பாமல் தன்னுடைய சான்றுகளைத் தானே வைத்திருப்பதால், மற்றதில் திறக்காத தளங்கள் இதில் திறக்கும்.

5. எந்த வகுப்புக்கு எது

கம்ப்யூட்டரின் வலுவைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். புதுசாக வந்தது எதுவோ அதை எடுத்தால் பழைய கம்ப்யூட்டரில் நிச்சயம் தடுக்கும். அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்தில் இருக்கும் முந்தைய பதிப்புகளிலிருந்து சரியானதைத் தேடி எடுப்பதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது.

எல்கேஜி முதல் ஐந்தாம் வகுப்பு வரை என் முதல் பரிந்துரை ஜிகாம்ப்ரிஸ். தேடும்போது ஜி, சி, ஓ, எம், பி, ஆர், ஐ, எஸ் என்று தட்டுங்கள். 180-க்கும் மேற்பட்ட விளையாட்டுப் பயிற்சிகள் இருக்கின்றன: மவுஸ் பிடிக்கப் பழகுவது, எண்ணுவது, கடிகாரம் பார்ப்பது, சில்லறை கொடுத்துச் சாமான் வாங்குவது, மின்சுற்று போடுவது, சதுரங்கம். விளம்பரம் கிடையாது, நெட் இல்லாமலே ஓடும். அதோடு டக்ஸ் பெயின்ட். இதைத் தமிழிலேயே வைக்கலாம். முத்திரைப் படங்கள் தனிக் கோப்பாக வரும், அதையும் சேர்த்து எடுக்காவிட்டால் பிள்ளைக்குப் பாதி சந்தோஷம்தான் கிடைக்கும். வாய்ப்பாட்டுக்கு டக்ஸ் மேத். விண்கல் விழுவதற்குள் விடையைத் தட்ட வேண்டும். 1 ஜிபி ராமில்கூட ஓடும்.

ஆறு முதல் பத்து வரை ஜியோஜீப்ரா அவசியம். சமச்சீர்க் கணக்குப் புத்தகத்தில் இணையச் செயல்பாடு என்று வருபவை பெரும்பாலும் ஜியோஜீப்ராவில் செய்தவைதான். பழைய கம்ப்யூட்டருக்கு கிளாசிக் 5 பதிப்பை எடுங்கள். கிளாசிக் 6 கனமானது. அறிவியலுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் செயல்விளக்கங்கள். ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் அதன்பிறகு நெட் வேண்டாம், உலாவியில் இழுத்துப் போட்டால் திறக்கும். பல செயல்விளக்கங்கள் தமிழிலும் உண்டு. மலைக் கிராமங்களில் சிக்னல் போய்ப் போய் வரும் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடக்கருவி எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஸ்க்ராட்ச் பாடம் இருக்கிறது. இப்போதைய ஸ்க்ராட்ச் 3 செயலிக்கு விண்டோஸ் 10 வேண்டும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் டர்போவார்ப் என்ற மென்பொருளின் பழைய விண்டோஸுக்கான பதிப்பை எடுக்கலாம்; ஸ்க்ராட்ச் 3 கோப்புகளை அது அப்படியே திறக்கும். ஸ்க்ராட்ச் 1.4 இன்னும் இலகுவானதுதான், ஆனால் பள்ளியில் செய்து கொண்டுவரும் புதிய கோப்புகள் அதில் திறக்காது.

கட்டுரை தட்டவும் அட்டவணை போடவும் உதவும் லிப்ரே ஆபீஸ் எல்லா வகுப்புக்கும் பயன்படும். விண்டோஸ் 7 என்றால் 25.8-க்கு முந்தைய பதிப்பாக எடுங்கள்.

பதினொன்றாம் வகுப்பு சி++ பாடத்துக்கு டெவ் சி++ 5.11. பன்னிரண்டுக்கு பைதான். விண்டோஸ் 7-ல் பைதான் 3.8 வரைதான் ஓடும். நிறுவுவதற்கு ஏற்ற கோப்பாக வந்த கடைசி 3.8 பதிப்பு 3.8.10. பாடப்புத்தகப் பயிற்சிகள் அத்தனைக்கும் அது போதும். தளத்தின் முகப்பில் பளிச்சென்று இருக்கும் புதிய பதிப்பை எடுத்தால், விண்டோஸ் 7 வேண்டாம் என்று சொல்லி நின்றுவிடும்.

6. எல்லாவற்றையும் ஒரே தடவையில் பென் டிரைவில் சேருங்கள்

பழைய கம்ப்யூட்டரிலேயே பதிவிறக்க வேண்டாம். நல்ல நெட் உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் அல்லது செல்போனில் இறக்கி, பென் டிரைவுக்கு மாற்றுங்கள். 32 ஜிபி பென் டிரைவ் தாராளம். 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும். மேலே சொன்னவை எல்லாம் சேர்ந்தால் 2 ஜிபியைத் தொடலாம். தினசரி ஒன்றரை ஜிபி திட்டத்தில் இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்து எடுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் சேலம் இறங்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் இது. அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். தேடலில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். அதன் பெரிய பச்சைப் பொத்தானை அமுக்கினால், நீங்கள் கேட்டதோடு கேட்காத நாலு மென்பொருளும் சேர்ந்து வரும். "டிரைவர் அப்டேட்டர்", "பிசி கிளீனர்" என்று வருபவை எதுவும் வேண்டாம். "கிராக்" போட்ட கட்டண மென்பொருளைப் பிள்ளையின் கம்ப்யூட்டரில் ஏற்றவே ஏற்றாதீர்கள். வைரஸ் நுழைய அதுதான் திறந்த கதவு.

இறங்கிய கோப்பின் அளவைத் தளத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். நடுவில் சிக்னல் போனால் பாதிக் கோப்பு முழுக் கோப்பு மாதிரியே உட்கார்ந்திருக்கும். பெரிய கோப்பு ஒன்று பென் டிரைவில் ஏற மறுத்தால், அந்த பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள்.

7. நிறுவும் வரிசை

விண்டோஸ் 7 என்றால் முதலில் சர்வீஸ் பேக் 1. அடுத்து கேபி2999226 என்ற அப்டேட். அதற்கடுத்து மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், 2015 முதல் 2022 வரைக்குமானது. 64 பிட் விண்டோஸ் என்றாலும் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுங்கள், ஏனென்றால் 32 பிட் மென்பொருள் அதற்குரியதைத்தான் தேடும். இந்த மூன்றையும் போட்டுக் கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தபின் பாட மென்பொருள்களுக்கு வாருங்கள். வரிசையை மாற்றினால் அடுத்த பகுதியில் வரும் பிழைச் செய்திகளில் பாதியைச் சந்திக்க நேரும்.

விண்டோஸ் பயனர் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். பிள்ளையின் பெயரைத் தமிழில் வைக்க ஆசைதான், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் டெவ் சி++ போன்றவை தமிழ் எழுத்துள்ள அடுக்குப் பாதையில் தடுமாறும். பயனர் பெயரை ஆங்கிலத்திலேயே வைத்துவிட்டு, திரையின் பின்னணிப் படத்தில் வேண்டுமானால் தமிழில் பெயர் எழுதிக் கொடுங்கள்.

ஒவ்வொன்றாக நிறுவி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பைதான் நிறுவும் முதல் திரையில் "பாத்" என்று முடியும் சிறு கட்டத்தை டிக் செய்ய மறக்க வேண்டாம்.

8. வரக்கூடிய பிழைகளும் தீர்வும்

"ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி" என்று தொடங்கும் டிஎல்எல் கோப்பு இல்லை என்றோ, "விசிரன்டைம்140", "எம்எஸ்விசிபி140" இல்லை என்றோ வந்தால், 7-ஆம் படியில் சொன்ன மூன்றில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. அந்த டிஎல்எல் கோப்பை மட்டும் எங்கிருந்தோ இறக்கிப் போடச் சொல்லும் தளங்கள் நிறைய இருக்கின்றன. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

"சரியான வின்32 அப்ளிகேஷன் அல்ல" என்று வந்தால் இரண்டே காரணம். 64 பிட் கோப்பை 32 பிட் விண்டோஸில் போட்டிருப்பீர்கள், அல்லது கோப்பு பாதியில் அறுந்து இறங்கியிருக்கும்.

ஜிகாம்ப்ரிஸ் திறந்ததும் கறுப்புத் திரை, அல்லது ஓபன்ஜிஎல் என்று சொல்லி மூடிக்கொள்கிறது. பழைய மதர்போர்டோடு வரும் கிராஃபிக்ஸுக்கு இது சகஜம். ஸ்டார்ட் பட்டியலில் ஜிகாம்ப்ரிஸுக்குக் கீழே "சேஃப் மோடு" என்று இன்னொரு குறி இருக்கும். அதைத் திறந்தால் கொஞ்சம் மெதுவாக, ஆனால் ஓடும். அதற்கும் முன்னால் மதர்போர்டு தயாரித்தவரின் தளத்திலிருந்து கிராஃபிக்ஸ் டிரைவரைப் போட்டுப் பாருங்கள். ஃபார்மட் செய்தவர் அதைப் போடாமலே விட்டிருந்தால் திரை எழுத்துகள் பெரிதாக, கலங்கலாகத் தெரியும்.

சத்தம் வரவில்லை என்றால் முதலில் ஸ்பீக்கர் வயரைப் பின்பக்கத்துப் பச்சைத் துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளைக்கு உள்ளே இணைப்பே கொடுக்காத டெஸ்க்டாப்கள் ஏராளம். அதற்கப்புறம்தான் டிரைவர்.

நிறுவிய மென்பொருள் மறுநாள் காணாமல் போனால் ஆன்டிவைரஸ் அதைத் தூக்கியிருக்கும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். 2 ஜிபி ராமில் இரண்டும் ஓடினால் பிள்ளைக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

எல்லாமே ஆமை வேகம் என்றால், கம்ப்யூட்டர் ஆனதும் தானாகத் திறப்பவற்றை நிறுத்துங்கள். விண்டோஸ் 7-ல் "எம்எஸ்கான்ஃபிக்" என்று தட்டினால் "ஸ்டார்ட்அப்" பட்டியல் வரும். விண்டோஸ் 10-ல் அது டாஸ்க் மேனேஜருக்குள் இருக்கிறது. அதன்பிறகும் மெதுவாக இருந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சிறு மென்பொருளால் ஹார்டு டிஸ்க்கைச் சோதியுங்கள். "காஷன்" அல்லது "பேட்" என்று காட்டினால் உடனே கோப்புகளைக் காப்பாற்றுங்கள், மற்ற வேலையெல்லாம் பிறகு.

9. பழைய பாட சிடிக்கள்

அண்ணன், அக்கா காலத்து சிடிக்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஆனால் பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். 64 பிட் விண்டோஸில் மிகப் பழைய 16 பிட் நிறுவிகள் திறக்கவே மாட்டா. அவற்றுக்கு 32 பிட் விண்டோஸ்தான் தோது. தமிழ் எழுத்துக்குப் பதில் கிறுக்கலாகத் தெரிந்தால், அந்த சிடி யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்தது. சிடிக்குள் "ஃபான்ட்ஸ்" என்று ஒரு அடுக்கு இருக்கிறதா பார்த்து, அதில் உள்ளதை நிறுவினால் எழுத்து தெளியும். அசைபடப் பாடங்கள் பல ஃபிளாஷில் செய்தவை. அடோபி நிறுவனம் ஃபிளாஷ் பிளேயரை 2020 டிசம்பரோடு நிறுத்திவிட்டது. ரஃபிள் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்புகள் பலவும் திறக்கின்றன.

10. விண்டோஸ் சரிப்படவில்லை என்றால் லினக்ஸ்

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 7-லேயே இருப்பதென்றால் அந்தக் கம்ப்யூட்டரில் வங்கி வேலை, பணம் அனுப்புவது எதுவும் வேண்டாம். பெரும்பாலும் நெட் இல்லாமலே பிள்ளை பயன்படுத்தட்டும்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இந்தக் கவலை குறைகிறது. 64 பிட் பிராசஸரும் 2 ஜிபிக்குக் குறையாத ராமும் இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு; 4 ஜிபி இருந்தால் சுகமாக ஓடும். 32 பிட் பிராசஸர் என்றால் டெபியன் 12. அதற்கடுத்த டெபியன் 13-ல் 32 பிட் கம்ப்யூட்டருக்கான நிறுவியே கிடையாது.

பதிவிறக்கிய லினக்ஸ் கோப்பை ரூஃபஸ் என்ற மென்பொருளால் பென் டிரைவில் எழுத வேண்டும். விண்டோஸ் 7-லிருந்து எழுதுவதென்றால் ரூஃபஸ் 3.22 பதிப்பு. எழுதும்போது பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், அதனால் 3-ஆம் படியில் நகல் எடுத்த பென் டிரைவை இதற்குத் தொடவே கூடாது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஃப்12, எஃப்2, டெலீட் இவற்றில் ஏதோ ஒன்றை விட்டு விட்டுத் தட்டினால் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலோ பயாஸோ வரும்.

மின்ட்டை உடனே நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட விட்டு வைஃபை, சத்தம், பிரின்டர் மூன்றையும் சோதியுங்கள். திருப்தி என்றால்தான் "இன்ஸ்டால்". ஹார்டு டிஸ்க்கை முழுதாக அழிப்பதா, விண்டோஸ் பக்கத்திலேயே வைப்பதா என்று கேட்கும் திரையில் அவசரப்படாதீர்கள். அந்த ஒரு திரைதான் திரும்ப முடியாத இடம். நிறுவ ஒரு மணி நேரத்துக்குள் ஆகும். அப்புறம் "சாஃப்ட்வேர் மேனேஜர்" திறந்து ஜிகாம்ப்ரிஸ், டக்ஸ் பெயின்ட், டக்ஸ் மேத், ஆமையை நகர்த்தி நிரல் எழுதப் பழக்கும் கேடர்ட்டில் என்று ஒவ்வொன்றாகத் தேடி அமுக்கினால் போதும். இதற்கு நெட் வேண்டும், செல்போன் ஹாட்ஸ்பாட் போதுமானது. லிப்ரே ஆபீஸும் பைதானும் அதிலேயே இருக்கும்.

11. காசு செலவழிப்பதென்றால்

முதலில் எஸ்எஸ்டி, அப்புறம்தான் ராம். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டால், மூன்று நான்கு நிமிடம் ஆகித் திறந்த கம்ப்யூட்டர் அரை நிமிடத்தில் திறக்கும். விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதால் இரண்டு கடையில் விசாரியுங்கள். நாளைக்கு இந்தக் கம்ப்யூட்டரே போனாலும் அந்த எஸ்எஸ்டியை இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம்.

ராம் வாங்கும்போது பழைய அட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். டிடிஆர்2 இடத்தில் டிடிஆர்3 நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஜி41 மதர்போர்டு என்றால் ஒரு 4 ஜிபி அட்டையில் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சில்லுகள் இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். ஒரே பக்கம் 8 சில்லு உள்ள புதிய அட்டை அதில் வேலை செய்யாது. மடிக்கணினிக்கு டிடிஆர்3 என்று மட்டும் சொல்லாமல், பழைய அட்டையில் டிடிஆர்3எல் என்று இருந்தால் அதையே கேளுங்கள். பயன்படுத்திய ராம் வாங்குவதில் தப்பில்லை, ஒரு மாதமாவது மாற்றித் தரும் உறுதியை ரசீதில் எழுதி வாங்கினால் சரி.

12. கடையில் கொடுக்க நேர்ந்தால்

சாதாரண ஃபார்மட்டுக்கு 300 முதல் 500 ரூபாய் வரை கேட்பார்கள். அதில் டிரைவர் போடுவது சேர்த்தியா என்று முதலிலேயே கேளுங்கள். கொடுக்கும்போது சீட்டு கண்டிப்பாக வேண்டும். அதில் ராம் எத்தனை ஜிபி, ஹார்டு டிஸ்க்கின் அளவும் சீரியல் எண்ணும், சார்ஜர் கொடுத்தீர்களா என்பது எல்லாம் எழுதியிருக்க வேண்டும். மடிக்கணினியைப் பையோடு கொடுக்காதீர்கள், பை திரும்பி வராது. "டேட்டா வேண்டுமா" என்று கேட்டால் வெறுமனே தலையாட்டாமல், "டி டிரைவை அழிக்க வேண்டாம்" என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் பள்ளி திறக்கும் நேரத்தில் எல்லாக் கடையிலும் வேலை குவிந்திருக்கும். ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் பஸ் ஏறும் முன் போன் செய்து, முடிந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

திரும்ப வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே ஆன் செய்யச் சொல்லுங்கள். ராம் அளவு சீட்டில் உள்ளபடி இருக்கிறதா, தேதி சரியா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பாட மென்பொருள்கள் இருக்கும் உங்கள் பென் டிரைவைச் செருகி, ஜிகாம்ப்ரிஸை அங்கேயே நிறுவித் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.